சித்தி அறுத்த கயிறு

சித்தி இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. வீட்டில் இருப்பவர்களும் வந்து போனவர்களும் ஆளுக்கொரு விதமாக அவளைப் பற்றிப் பேசினார்கள். அப்பா, இறந்தவர்களைப் பற்றிப் பேசும் தணிந்த குரலில், அவள் கல்நெஞ்சக்காரி என்றார். எதிர்வீட்டுத் தபால்காரர், அப்படி ஒரு துணிச்சல்காரியைப் பார்த்ததில்லை என்றார். மாமாவின் மனைவியான என் அத்தை, அதெல்லாம் இல்லை, தம்பி மேல் வைத்த பாசம்தான் அவளை அப்படிச் செய்ய வைத்தது என்றாள். மூன்று பேரும் இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரே காலைப் பொழுதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தக் காலையைப் பற்றியும் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

அம்மா மூத்தவள். அடுத்தது சித்தி. கடைசி மாமா. அவர்களைப் பெற்றவர்கள் ஒரே வருடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்திக்குப் பதினேழு வயது, மாமாவுக்குப் பதினொன்று. சித்தி ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் வேலைக்குப் போய் மாமாவை வளர்த்தாள். பதினெட்டு வயதில் மாமா உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றில் ஒரு பலகையில் உட்கார்ந்து, வண்ண வாளியை இடுப்புப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும் வேலை. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்வதைப் பார்த்து எல்லோரும் பல்லி என்றார்கள். அத்தையே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இந்த வேலையில் தொங்குகிறவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர். கட்டுகிறவர் முடிச்சைப் போட்டுவிட்டு, தொங்குகிறவர் தரையைத் தொடும்வரை அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மாமா வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் சித்தி அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மாமா எட்டாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, கட்டுகிற ஆள் தொட்டி நிழலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சித்தி அவரை எழுப்பவில்லை. மாமா கீழே இறங்கும்வரை முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பொத்தான் வேலையை விட்டுவிட்டு மேஸ்திரியின் முன்னால் போய் நின்றாள்.

"இங்க வந்து என்னம்மா பண்ணப்போற?" என்றார் மேஸ்திரி.

"தூங்காம இருக்கப்போறேன்" என்றாள் சித்தி.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் அவரே முடிச்சைச் சொல்லிக்கொடுத்தார். சித்தி அதற்குப் பிறகு பதினாறு வருடம் அந்த வேலையில் இருந்தாள்.

அவளுக்கு உயரம் என்றால் பயம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீட்டில் துணி காயப்போடும்போதுகூட மாடியின் நட்ட நடுவில் இருக்கும் கொடியில்தான் போடுவாள், கைப்பிடிச்சுவர்ப் பக்கம் போகமாட்டாள். வேலை செய்யும் மாடிகளிலும் அப்படித்தான். பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்துத் தம்பி தொங்குவதைக் கண்டதில்லை. தொட்டித் தூணுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்திருப்பாள். மாமா ஒவ்வொரு மாடி இறங்கியதும் கயிற்றை இரண்டு முறை சுண்டுவார். நன்றாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். கீழே என்ன நடக்கிறது என்பது அந்த உள்ளங்கை வழியாகத்தான் அவளுக்குத் தெரியும். மற்ற ஆட்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். மாமாவிடம், உன் அக்கா சுவரோரம் வந்து நின்றால் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கிறோம் என்று பந்தயம் கட்டினார்கள். சித்தி அவர்களுக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தாள்.

அந்த ஆட்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, முடிச்சுப் போடும்போது தொங்குகிறவர் அதைப் பார்க்கக் கூடாது. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பார்த்தால், கட்டுகிறவரை நம்பவில்லை, பயப்படுகிறோம் என்று ஆகிவிடும். மாமா அந்த நேரத்தில் முதுகைக் காட்டியபடி குனிந்து கால்சட்டையின் நுனியை மடித்து விட்டுக்கொண்டிருப்பார். தனக்கு முடிச்சுப் போடவே தெரியாது, எங்கக்கா கையில் இருக்கிறது என் உயிர் என்று பெருமையாகச் சொல்லுவார். சித்தி முடிச்சுப் போடுவது மகா மெதுவாக இருக்கும். மற்றவர்கள் பேசிக்கொண்டே கட்டி முடிப்பதை அவள் ஒவ்வொரு சுற்றாக, ஒவ்வொரு மடிப்பாக, நிறுத்தி நிறுத்திச் செய்வாள். "முடிச்சுப் போடறியா, சடை பின்னறியா?" என்று மேஸ்திரி கத்துவார். அவள் அவசரப்பட்டதே இல்லை.

இன்னொரு வழக்கம், ஒருவர் விழுந்துவிட்டால் அவருடைய கயிற்றை அவருக்குக் கட்டியவரே எட்டுத் துண்டாக அறுத்து, கட்டடத்தின் காலடியில் போட வேண்டும். அதைத் தாண்டி அன்றைக்கு யாரும் வேலைக்கு ஏறமாட்டார்கள். விழுந்தவர் பிழைத்துவிட்டாலும் அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் அவரைத் தொங்கவிட மாட்டார், யாரும் அவருக்கு முடிச்சுப் போட மாட்டார்கள். கயிறு அறுந்தவன் என்று பெயர் வந்துவிடும். மாமா காலத்தில் அப்படி ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் கட்டட வாசலில் சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார்.

மாமாவுக்கு முப்பத்துநாலு வயதானபோது பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று வந்தது. அதை முடித்தால் மாமாவைக் கயிற்று ஆட்களுக்கெல்லாம் தலைவராகப் போடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். அத்தை அப்போது ஏழு மாதக் கர்ப்பம். மாமா தலைகால் புரியாமல் இருந்தார்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சித்தி கீழே வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, அண்ணாந்து சுவரைப் பார்ப்பாள். தம்பியின் வேலையை அவள் பார்த்தது அப்போது மட்டும்தான். ஜன்னல்களுக்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓடும். மற்றவர்கள் அதற்கு நூல் பிடிப்பார்கள். மாமா வெறும் கையால் இழுப்பார், அளவுகோல் வைத்ததுபோல் இருக்கும். பதினாலு மாடிக் கட்டடத்தில் வேலை தொடங்கிய மூன்றாவது வாரம் பட்டையின் இடது முனை இரண்டு விரல் அளவு கீழே சாய்ந்திருந்தது. சித்தி கேட்டாள். காற்று என்றார் மாமா. மறுநாள் இலைகூட அசையவில்லை. பட்டை மறுபடியும் இடப்பக்கமே சாய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் அவரைக் கவனித்தாள். கயிற்றில் சுண்டல் தாமதமாக வந்தது. வீட்டில் கட்டிலை விட்டு எழும்போது மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முகம் கழுவும்போது ஒரு கை சுவரிலேயே இருந்தது. ஒரு மாலை, அத்தை கடைக்குப் போயிருந்த நேரத்தில், சித்தி அவரை உட்காரவைத்துக் கேட்டாள். மாமா மறைக்கவில்லை. ஒரு மாதமாக இடது காதில் தண்ணீர் போனதுபோல் இருக்கிறது, திடீரென்று எல்லாம் ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றார். டாக்டரிடம் போனால் வேலைக்குப் போகாதே என்பார், கட்டடம் கை மாறிவிடும்.

"இந்த ஒரு கட்டடம் மட்டும்க்கா. முடிஞ்சதும் நானே டாக்டர்கிட்டப் போறேன். நீ கட்டலைன்னா வேற ஒருத்தன் கட்டுவான். அவன் தூங்குவான்."

சித்தி மறுநாள் போய்க் கட்டினாள். அதற்கு மறுநாளும் கட்டினாள்.

எட்டாவது நாள் அவள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். மேஸ்திரி மாமாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் விசாரித்தார். மாமா சிரித்தார். அக்கா எனக்குக் கொட்டாவி வந்தாலே டாக்டரைக் கூப்பிடுகிறவள் என்றார். பிறகு கைப்பிடிச்சுவரின் மேல் ஏறி, பதினாலு மாடிப் பள்ளத்துக்கு மேல் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆட்கள் கைதட்டினார்கள், ஒருவர் விசிலடித்தார். மேஸ்திரியும் அதை ஒத்துக்கொண்டார். சித்தி தொட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கும் கட்டினாள்.

ஒன்பதாவது நாள் கயிறு அவள் உள்ளங்கைக்குள் ஒரு துள்ளு துள்ளியது. பிறகு ஒன்றும் இல்லை. முடிச்சு அசையவில்லை, கயிற்றில் பாரம் இருந்தது, சுண்டல் மட்டும் வரவில்லை. அவள் கூப்பிட்டிருக்கலாம், சுவரோரம் போய்ப் பார்த்திருக்கலாம். கால் எழவில்லை என்று பின்னாளில் அவளே சொன்னாள். நூற்றுப்பத்து வரை எண்ணியபிறகு இரண்டு சுண்டல் வந்தது. மாலையில் தெருவில் நின்று பார்த்தபோது பதினோராம் மாடிப் பட்டையில் ஒரு சாண் அளவுக்கு வண்ணமே இல்லை. அங்கிருந்து கீழ்நோக்கி, விரலால் இழுத்ததுபோல், ஒரு நீளத் தீற்றல் இருந்தது. மாமா அதை மறுநாள் சரிசெய்துவிடலாம் என்றார்.

தொங்குகிறவரின் கயிறு அவருடைய சொந்தப் பொருள், இரவில் வீட்டில்தான் இருக்கும். மறுநாள் காலை மாமா எழும் முன் சித்தி கட்டிலுக்கடியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். கட்டைவிரல் தடிமன் கயிறு, கத்திக்கு மசியவில்லை. அடுத்த தெருக் குழாய் ரிப்பேர்க்காரரிடம் இரும்பு அறுக்கும் ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். புத்தம் புதிதாக, ஒரு நூல் பிசிறில்லாத கயிறு அது. ஏழு முறை அறுத்து, எட்டுத் துண்டுகளையும் பதினாலு மாடிக் கட்டடத்தின் காலடியில் வரிசையாக வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

முதலில் வந்தவர் மேஸ்திரி. துண்டுகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். "யாரும்மா?" என்றார்.

"யாரும் விழல. விழறதுக்கு முன்னாடி அறுத்திருக்கேன்."

மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் துண்டுகளைத் தாண்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்த ஆட்களும் தாண்டவில்லை. மாமா, வீட்டில் கயிற்றைத் தேடிவிட்டு, கடைசியாக வந்தார். துண்டுகளை எண்ணிப் பார்த்தார்.

"என்னைக் கொன்னுட்டியேக்கா" என்றார்.

"ஆமா" என்றாள் சித்தி. "சாப்பாடு மூடி வெச்சிருக்கு. போய்ச் சாப்பிடு."

கொன்னுட்டியேக்கா என்றதுதான் மாமா அவள் உயிரோடு இருந்தவரை அவளிடம் நேராகப் பேசிய கடைசி வார்த்தை.

அவர் வேறு இரண்டு மேஸ்திரிகளிடம் போய்ப் பார்த்தார். செய்தி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவருடைய சொந்த அக்காவே அறுத்த கயிறு என்றதும் அவர்கள் காரணம்கூடக் கேட்கவில்லை. சித்திக்கும் வேலை போயிற்று. அவள் மறுபடி பொத்தான் தைக்கப் போனாள். மாமாவும் அத்தையும் வேறு தெருவுக்குக் குடிபோனார்கள், சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலு மாதம் கழித்து மாமா சமதரையில், பிள்ளைக்கு மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மரம் சாய்வதுபோல் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. டாக்டர் காதில் கோளாறு என்றார், மாத்திரை கொடுத்தார், ஏணிகூட ஏறக்கூடாது என்றார். சித்தி செய்தது சரிதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமாவுக்கும் தெரிந்தது. அதனால் அவருடைய கோபம் குறையவில்லை, கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு வண்ணக் கடையில் சேர்ந்தார். எந்த நிறத்தைக் காட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் கலந்து கொடுப்பார். அங்கே அவருக்கு நல்ல பெயர். மகள் பிறந்து, வளர்ந்து, இப்போது வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். மாமா சித்திக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஆனால் பேச்சு நின்றுபோனது என்று சொல்ல முடியாது. அம்மா வழியாக நடந்தது.

"பெரியக்கா, அந்தம்மாகிட்டச் சொல்லு, கண்ணாடியை மாத்தச் சொல்லி. பேப்பரை மூக்குல தேய்க்குறாங்க."

"அவன்கிட்டச் சொல்லுக்கா, அவன் தொப்பையை முதல்ல பார்க்கச் சொல்லி."

அம்மா இரண்டையும் திருப்பிச் சொல்லவே மாட்டாள். நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். "நான் என்ன தந்திக் கம்பமா?" என்று மாதம் ஒருமுறை கேட்பாள். இருபத்தொரு வருடம் இப்படிப் போயிற்று. நாங்கள் அதைச் சண்டை என்று நினைப்பதைக்கூட விட்டுவிட்டோம்.

கல்லூரியில் படிக்கும்போது எனக்கு ஒரு பேச்சுப் போட்டி வந்தது. வாழ்க்கைக்கு அதிகம் வேண்டியது அன்பா, தைரியமா என்பது தலைப்பு. சித்தியை வைத்துப் பேசலாம் என்று தோன்றியது. எந்தப் பக்கத்தில் அவளை வைப்பது என்று தெரியவில்லை. அவளையே கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாசத்துலதான் ஒன்பது நாள் கட்டினேன்" என்றாள்.

"பத்தாவது நாள்?"

"கோடு கோணலா வந்துச்சு."

அப்புறம் தைரியம் எங்கே வந்தது என்றேன். அவள் ஒரு போர்வையின் இரண்டு முனைகளை என்னிடம் கொடுத்துவிட்டு மற்ற இரண்டைப் பிடித்துக்கொண்டாள். தைரியம் என்றால் ஒன்பதாவது நாள் சுவரோரம் போய் எட்டிப் பார்த்திருக்க வேண்டும், அது முடியவில்லை, ரம்பம் எங்கே கிடைக்கும் என்று யோசிக்கத்தான் முடிந்தது என்றாள். அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் இப்போதும் நினைப்பதாகவும், பத்தாவது நாளைப் பற்றி நினைப்பதில்லை என்றும் சொன்னாள். போட்டியில் நான் இதையெல்லாம் பேசவில்லை. புத்தகங்களிலிருந்து எடுத்த பொதுவான உதாரணங்களைச் சொன்னேன். இரண்டாம் பரிசு கிடைத்தது.

சித்தி அறுபத்தொரு வயதில், ஒரு மதியம் படுத்தவள், எழவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. பழைய கட்டடம். மாடிப்படி திரும்புகிற இடம் மிகவும் குறுகல், கட்டிலும் பீரோவும் வந்தபோதே வெளியிலிருந்து கயிறு கட்டித்தான் ஏற்றினோம். வண்டி கீழே வந்து நின்றது. வந்தவர்கள் படியை அளந்து பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித்தான் இறக்க வேண்டும் என்றார்கள். அப்பா சரி என்றார்.

மாமா அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "உக்கார வெச்செல்லாம் வேண்டாம்" என்றார். "படுத்தே போகட்டும்."

கீழே இருந்த மரச்சாமான் கடைக்காரர் கயிறு கொடுத்தார். சித்தியை ஒரு பலகையில் படுக்கவைத்து, போர்வையால் சுற்றி, முன்பக்கத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தோம். கயிற்றின் மேல்முனையைத் தூணில் கட்ட வேண்டும், கயிற்றைப் பிடித்து இறக்கும் நாலு பேரின் கை வழுக்கினாலும் பலகை விழாமல் இருக்க. கயிறு கட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று வண்டிக்காரர் கேட்டார். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். பிறகு, அவருக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, வேறு பக்கம் பார்த்தோம்.

மாமா எழுந்து வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். தூணைச் சுற்றி மூன்று சுற்று விட்டார். மேலே ஒரு மடிப்பு. நுனியை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, நிறுத்தி, மறுபடி உள்ளே விட்டார். சித்தியைப் போலவே மெதுவாக, ஒவ்வொன்றாக. கடைசியில் உள்ளங்கையால் ஒரு முறை தட்டினார். சித்தியும் அப்படித்தான் தட்டி முடிப்பாள் என்று அம்மா பின்னால் சொன்னாள்.

"உங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாதுன்னுதானே சொல்லுவீங்க?" என்றாள் அத்தை.

"குனியறப்போ காலுக்கு நடுவுல தெரியும்" என்றார் மாமா. "தினமும் பார்த்துட்டுத்தான் இறங்குவேன். பயமா இருக்கும்ல."

 நான் கீழே போய், பலகையை வாங்க வண்டிக்காரரோடு நின்றுகொண்டேன். மேலே நாலு பேர் கயிற்றை விட்டார்கள். மாமா எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் சொன்னதற்காக இருக்கலாம். முடிச்சுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கயிற்றின் மேல் கையை வைத்திருந்தார் என்றாள் அம்மா. "மெதுவாத்தான் விடறோம்க்கா" என்று அவர் சொன்னது தெருவரைக்கும் கேட்டது.

பலகை என் கைக்கு வந்தது. பலகையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும் முன் அதை இரண்டு முறை சுண்டினேன். கயிறு மேலே போக வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் மரச்சாமான் கடைக்காரர் கயிற்றைக் கேட்டு வந்தார். தூணிலிருந்து முடிச்சை அவிழ்க்க அவருக்குக் கால்மணி நேரம் பிடித்தது. யார் போட்டது என்று கேட்டார். அம்மா, என் தங்கச்சி முடிச்சு என்றாள். தம்பி குனிந்து பார்ப்பது தெரிந்துதான் சித்தி அவ்வளவு மெதுவாகக் கட்டினாளா என்று அம்மாவைக் கேட்டேன். அவள் சாதாரணமாக, "பின்னே?" என்றாள்.